நறுக்கிய வெங்காயம் ஒரு கப்

சமையல் புத்தகங்களை இலக்கிய விமரிசனத்துக்கு உட்படுத்தும் வழக்கம் நம்மிடையே இல்லை. உட்படுத்தவேண்டும் என்பது என் அபிப்பிராயம். நல்ல நாவல்களில் பல இரண்டாம் பதிப்பையே காணாமல் போய்விடுகிற இந்த நாட்டில், எழுபது வருஷங்களுக்கு மேலாக அச்சில் இருந்துவரும் சமையல் புத்தகம் ஒன்று உண்டு. ஒரு குடும்பத்தில் தாயும் மகளும் பேத்தியும் ஒரே நூலைப் படித்திருக்கிறார்கள் என்றால், அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது விமரிசகனின் வேலைதான்.

நாவலில் இருப்பதுபோலவே சமையல் புத்தகத்திலும் ஒரு கதாநாயகி இருக்கிறாள். அவள் பெயர் எந்தப் பக்கத்திலும் வராது. ஆனால் அடுப்பின் முன்னால் நிற்கிற அவளுக்கு எத்தனை நேரம் இருக்கிறது, எத்தனை பாத்திரம் இருக்கிறது, கூடமாட உதவிக்கு யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் வரிகளுக்கிடையே தெரிந்துவிடும். ஆசிரியர் தம்மை அறியாமலே அவளைச் சிருஷ்டித்துவிடுகிறார். சமையல் புத்தகத்தைப் பற்றிக் கேட்கவேண்டிய முதல் கேள்வி, அந்தக் கதாநாயகி உயிருள்ளவளா என்பதுதான்.

இன்றைய சமையல் குறிப்புகளில் அடிக்கடி வரும் ஒரு வரியைப் பார்க்கலாம். "நறுக்கிய வெங்காயம் ஒரு கப்." பத்திரிகை இணைப்புகளிலும் புத்தகங்களிலும் இதைப் பார்க்காத வாசகர் இருக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் பெயரெச்சம், வினையெச்சம் என்று படித்திருக்கிறோம். "நறுக்கிய" என்பது பெயரெச்சம். வேலை முடிந்துபோய், வெங்காயத்துக்கு ஓர் அடைமொழியாக ஒட்டிக்கொண்டுவிட்டது. யார் நறுக்கினார்கள், எப்பொழுது நறுக்கினார்கள் என்று கேட்க அங்கே இடமில்லை. "நறுக்கி" என்று எழுதியிருந்தால் அது வினையெச்சம். அடுத்த வினைக்காக அது காத்திருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓர் ஆள் அங்கே நின்றுகொண்டிருக்கிறாள். அரைத்த மசாலா, சுத்தம் செய்த கோழி, ஊறவைத்த பருப்பு, துருவிய தேங்காய் என்று பெயரெச்சங்களிலேயே அரை மணி நேர வேலை மறைந்துபோகிறது. பிறகு, "தயாரிக்கும் நேரம் 15 நிமிஷம்" என்று தலைப்பில் போட்டுவிடுகிறார்கள். வெங்காயம் "ஐந்து நிமிஷத்தில் பொன்னிறமாகும்" என்று எழுதுகிறவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வெங்காயம் வதக்கியவராக இருக்க முடியாது. நடுத்தரத் தீயில் அதற்கு அதைப்போல் மூன்று மடங்காவது வேண்டும்.

எல்லாச் சமையல் புத்தகங்களும் இப்படியில்லை. மீனாட்சி அம்மாளின் "சமைத்துப் பார்" 1951ல் வெளிவந்தது. உறவினர்கள் கேட்டுக் கேட்டு எழுதி வாங்கிய குறிப்புகளைத் தொகுத்து நூலாகப் போடும்படி யோசனை சொன்னவர் அவருடைய மாமா கே. வி. கிருஷ்ணசாமி ஐயர். அம்மாவிடம் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாத தூரத்துக்குப் பெண்கள் போய்விட்ட காலத்தில் பிறந்த புத்தகம் அது. ஆகவே வாசகிக்கு எதுவும் தெரியும் என்று எண்ணிக்கொள்ளாமல், படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கிறது. அதன் கதாநாயகி உயிருள்ளவள். புதுக்குடித்தனம் போட்டிருக்கிறாள், சைவச் சமையல், காலைப்பொழுது அவள் கையில் இருக்கிறது, சாம்பார், ரசம், கறி, கூட்டு என்று வரிசையாகப் பாத்திரங்கள் இறங்குகின்றன. அவளை அப்படிப் படைத்தது குற்றமாகாது. தெரிந்த வீட்டைத்தான் ஆசிரியர் எழுதினார், நாணயமாக எழுதினார். ஆனால் அவருக்குப் பின் வந்தவர்களில் பலர், அவருடைய பொறுமையை விட்டுவிட்டுப் பொருளடக்கத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டார்கள்.

பிரெஞ்சு மொழியில் வேறுவிதமான கதாநாயகி ஒருத்தி இருக்கிறாள். எதுவார் த பொமியான் என்பவர் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் ஆராய்ச்சி செய்துவந்த விஞ்ஞானி. வானொலியில் சமையலைப் பற்றிப் பேசியவர். 1930ல் அவர் எழுதிய நூலுக்குப் "பத்து நிமிஷச் சமையல், அல்லது நவீன காலத்தின் தாளத்துக்குப் பழகிக்கொள்ளுதல்" என்று பெயர். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் மாத்திரம் கிடைக்கிறவர்களுக்காக எழுதப்பட்டது. வீட்டுக்குள் நுழைந்ததும், மேல்கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே அடுப்பில் தண்ணீரை வை என்று அவர் சொல்லுகிறார். எதற்கு அந்தத் தண்ணீர் என்று அவருக்கே அப்போது தெரியாது. ஏதாவது ஒன்றுக்கு உதவாமலா போகும் என்கிறார். இந்த ஒரு யோசனையில் பெரிய இலக்கியத் திறமை இருப்பதாக நான் நினைக்கிறேன். கதாநாயகி தெருவிலிருந்து வருகிறாள், களைப்பாக வருகிறாள், கடிகாரம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லாம் அந்தக் கோட்டில் வந்துவிடுகிறது.

1960ல் அமெரிக்காவில் பெக் பிராக்கன் என்ற பெண்மணி, சமைக்கப் பிடிக்காதவர்களுக்கென்றே ஒரு சமையல் புத்தகம் எழுதினார். இறைச்சியையும் காய்களையும் ஒரே பாத்திரத்தில் போட்டு அடுப்புக்குள் தள்ளிவிட்டு, துப்பறியும் கதையோடு படுக்கைக்குப் போய்விடலாம் என்று அதில் ஒரு குறிப்பு உண்டு. நாவல் வாசகர்களாகிய நமக்கு உடனே பிடித்துப்போகிற கதாநாயகி.

தமிழில் இப்படிப்பட்ட கதாநாயகி எங்கே இருக்கிறாள்? புத்தகத்தில் இல்லை. வெளியே இருக்கிறாள். அவளைப் பார்க்க நான் உங்களைப் போச்சம்பள்ளிக்கு அழைத்துப் போகவேண்டியிருக்கிறது.

பட்டுச் சேலைக்குப் பெயர்போன போச்சம்பள்ளி தெலங்கானாவில் இருக்கிறது. 1951ல் வினோபா பாவே பூமிதானத்தைத் தொடங்கியதும் அங்கேதான். நான் சொல்லுவது கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளி. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் பெயர்போனது. ஆடு, கோழி, காய், தானியம் எல்லாம் ஒரே மைதானத்தில் கைமாறும். சுற்றுவட்டாரத்தில் கேழ்வரகும் மாவும் விளைகின்றன. ராயக்கோட்டைப் பக்கத்துத் தக்காளி இந்த மாவட்டம் முழுவதும் போகிறது. கன்னட நாடு அதிக தூரமில்லை. களியும் கறிக்குழம்பும் எல்லையின் இரு பக்கத்துக்கும் பொதுச் சாப்பாடு. 1971ல் ஏற்பட்ட சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்த பிறகு, தொழிற்சாலைகள் கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கமும் வந்தன. 2021ல் ஓலா நிறுவனம் போச்சம்பள்ளி வட்டாரத்தில் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை அமைத்தபோது, அதைப் பெண்களே நடத்துவார்கள், 10,000 பேர்வரை வேலை பெறுவார்கள் என்று அறிவித்தது. அறிவிப்பு எந்த அளவு நிறைவேறியது என்பது பொருளாதார நிபுணர்கள் பார்க்கவேண்டிய விஷயம். எனக்கு வேண்டியது வேறு. கம்பெனிப் பஸ்ஸிலிருந்து இறங்கி, சீருடை மாற்றுவதற்கு முன்பே அடுப்பைப் பற்றவைக்கிற பெண்கள் இந்த ஊர்ப்பக்கம் நிறைய இருக்கிறார்கள்.

என் நண்பர் ஒருவரின் மருமகள் அவர்களில் ஒருத்தி. ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அவர்கள் வீட்டில் இருந்தேன். ஆறே முக்காலுக்கு வந்தாள். வரும் வழியில் வாங்கிய அரைக் கிலோ கோழிக்கறியைக் கழுவி, மஞ்சளும் உப்பும் போட்டு, பெரிய சட்டியில் வைத்து மூடினாள். தண்ணீர் ஊற்றவில்லை. கறி தன் தண்ணீரைத் தானே விடும் என்பது அவளுக்குத் தெரியும். அதற்குள் முள்ளங்கியைச் சீவி வட்டமாக அரிந்து சட்டியில் போட்டாள். முள்ளங்கி பாதி வேகிறதற்குள் வெங்காயமும் இஞ்சியும் பூண்டும் உரித்தாயிற்று. அவற்றோடு கொஞ்சம் தேங்காயையும் சேர்த்து மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு, வீட்டு மிளகாய்த்தூளோடு கொட்டினாள். பச்சை வாசனை போகிறதற்குள் அவரைக்காய் நார் எடுத்தாள். கடைசியில் தக்காளியும் கத்தரிக்காயும் போயின. பக்கத்து அடுப்பில் அவள் கணவன் களி கிளறினான். ஏழரைக்கு எல்லாரும் தட்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டோம். அரைக் கிலோ கறி, ஐந்து பேர், கழுவவேண்டியது ஒரு சட்டி, ஒரு களிப்பானை.

"இதுக்கு என்னம்மா பேரு?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். "பேரெல்லாம் ஒண்ணும் இல்ல மாமா. கறியில காய் போட்டேன், அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை வாங்க, ஒழுங்கா சமைச்சுப் போடறேன்."

இந்தக் கட்டுரை எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்த "ஒழுங்கா" என்ற வார்த்தையால்தான். முக்கால் மணி நேரத்தில் ஒரு நிமிஷம்கூட வீணாகாமல், ஐந்து பேருக்குச் சத்தும் ருசியும் உள்ள சாப்பாட்டைப் போட்டுவிட்டு, தான் இன்னும் சமைக்கவே இல்லை என்று அவள் நினைக்கிறாள். யார் அவளை அப்படி நினைக்க வைத்தது?

பெயரில்லாத பதார்த்தம் பொருளடக்கத்தில் ஏற முடியாது. குழம்பு, வறுவல், பொரியல், கூட்டு என்று அறைகள் பிரித்து வைத்திருக்கிறோம். அவள் செய்தது குழம்பென்றால் கெட்டியாக இருக்கிறது. கூட்டென்றால் கறி இருக்கிறது. வறுவலென்றால் சாறு இருக்கிறது. எந்த அறையிலும் அடங்காததால் வெளியே நிற்கிறது. இலக்கியத்திலும் இது நடக்கிற காரியந்தான். நாவலா, சிறுகதையா, கட்டுரையா என்று தீர்மானிக்க முடியாத நல்ல எழுத்து, விமரிசகர்களின் பட்டியலிலிருந்து நழுவிப்போய்விடுகிறது.

மொழி இத்தனை கறாராக இல்லை. "கறி" என்ற சொல் சங்க காலத்தில் மிளகைக் குறித்தது. இன்று ஒரு வீட்டில் கறி என்றால் வாழைக்காய்; அடுத்த வீட்டில் கறி என்றால் ஆடு. "காய்கறி" என்று சேர்த்தும் சொல்லுகிறோம். மொழி ஒரே சட்டியில் போட்டு வைத்ததைப் புத்தகம் இரண்டாகப் பிரித்துவிட்டது. கருவாட்டுக் குழம்பில் கத்தரிக்காயும் மொச்சையும், ஆட்டுக்கறியில் முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும், முஸ்லிம் வீட்டுத் தால்சாவில் எலும்பும் பருப்பும் சுரைக்காயும் என்று நம் வீடுகள் எத்தனையோ காலமாகச் சமைத்து வருகின்றன. "ஒரே சட்டிச் சமையல்" என்று புதிதாக யாரோ மேல்நாட்டிலிருந்து கொண்டுவந்து நமக்குக் கொடுப்பதுபோல் எழுதுகிறவர்கள், பக்கத்து வீட்டுக்குள் எட்டிப்பார்க்கலாம்.

இதில் என்ன பெரிய வித்தை என்று கேட்கிறவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம் சொல்லவேண்டும். பல பாத்திரச் சமையலில் ஒன்று கெட்டால் இன்னொன்று காப்பாற்றும். ஒரே சட்டியில் வரிசை தப்பினால் எல்லாம் போயிற்று. முள்ளங்கிக்கு முன்னால் கத்தரிக்காய் போனால் கூழாகிவிடும். புளிப்பு முன்னால் போனால் காய் வேகாமல் அடம் பிடிக்கும். காயைக் கட்டிவைத்திருக்கிற பசை புளிப்பில் எளிதில் கரையாது என்பது அதற்கு விஞ்ஞானம் சொல்லும் காரணம். துண்டின் கனம் இரண்டு மடங்கானால், சூடு நடுவே போய்ச் சேர ஏறக்குறைய நான்கு மடங்கு நேரம் ஆகும். கொத்துக்கறி கால் மணியில் வெந்துவிடுவதற்கும், எலும்போடு வெட்டிய ஆட்டுக்கறி திறந்த சட்டியில் ஒரு மணிக்குமேல் கேட்பதற்கும் இதுவும் ஒரு காரணம். ஆட்டுக்கறியின் தசைநார் கரைந்து மெதுவாவதற்கும் நேரம் வேண்டும். மூடிய குக்கருக்குள் சூடு 100 டிகிரியைத் தாண்டி 120 வரை ஏறுவதால் அந்த நேரம் குறைகிறது. இதன் மூதாதையை டெனி பாப்பென் என்ற பிரெஞ்சுக்காரர் 1679ல் செய்து காட்டினார். எலும்பையே மெதுவாக்கும் யந்திரம் என்று 1681ல் லண்டனில் அதைப்பற்றிப் புத்தகமும் போட்டார். நம் நாட்டில் ஹாக்கின்ஸ் கம்பெனி தொடங்கியது 1959ல். ஆனால் குக்கருக்கு வரிசை தெரியாது. கறியை நான்கு விசில் விட்டு இறக்கி, மூடியைத் திறந்து, அப்புறம் காயைப் போடவேண்டும் என்பதைச் சமைக்கிற ஆள்தான் அறிந்திருக்கவேண்டும்.

செலவுக் கணக்கும் இதில் அடங்கியிருக்கிறது. விருந்துச் சமையலில் காய் கறிக்குத் துணை. வாரநாள் சட்டியில் கறி காய்க்கு ருசியூட்டுகிறது. கோழியின் சாறு முழுவதும் முள்ளங்கிக்குள்ளும் கத்தரிக்காய்க்குள்ளும் போய்விடுவதால்தான் அரைக் கிலோ ஐந்து பேருக்குப் போதுகிறது.

புத்தகங்களின் மௌனத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டியதுதான். 2014ல் மத்திய அரசின் பதிவாளர் அலுவலகம் எடுத்த மாதிரிக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 100க்கு 97 பேருக்கு மேல் அசைவம் சாப்பிடுகிறவர்கள். ஆனால் அச்சில் பார்த்தால், சமையல் என்ற சொல்லுக்கு அடைமொழி தேவைப்படுவதில்லை. "அசைவச் சமையல்" என்பதற்குத்தான் தனி அட்டை, தனிப் புத்தகம். அந்தத் தனிப் புத்தகத்திலும் ஞாயிற்றுக்கிழமைதான் இருக்கிறது: பிரியாணி, சுக்கா, மிளகு வறுவல். பெரும்பாலோருடைய செவ்வாய்க்கிழமை எங்கும் எழுதப்படவில்லை. மராத்தியில் ஷாஹு பட்டோலே 2015ல் "அன்ன ஹே அபூர்ண பிரம்ம" என்று ஒரு நூல் எழுதினார். அன்னமே பூரணப் பிரம்மம் என்ற வழக்குக்கு எதிராக, அபூரணம் என்று தலைப்பு வைத்தார். மராத்வாடாவின் தலித் வீடுகளில் என்ன சமைத்தார்கள் என்று சமையல் குறிப்புகளோடு சொல்லுகிறது அந்த நூல். 2024ல் அது இங்கிலீஷிலும் வந்துவிட்டது. உண்டதைச் சொல்ல வெட்கப்படவேண்டியதில்லை என்று ஒரு சமூகத்துக்குச் சொல்லுவது சமையல் புத்தகம் செய்யக்கூடிய காரியம் என்பதற்கு அது சாட்சி.

எழுதினால் கைப்பக்குவம் கெட்டுப்போகும், தாயிடமிருந்து மகளுக்கு வாய்மொழியாகவே போகட்டும் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. அவர்கள் சொல்லுவதில் உண்மை இல்லாமலில்லை. "பச்சை வாசனை போகும்வரை" என்ற நம் பழைய வழக்கைவிடத் துல்லியமான அளவை எந்தக் கடிகாரமும் கொடுக்க முடியாது. அதை மூக்கு அறிந்த ஒருவரிடம்தான் கற்கமுடியும். ஆனால் சமைக்கக் கற்கவேண்டியவர்கள் எல்லாரும் இன்று தாயின் பக்கத்தில் இல்லை. வேறு மாவட்டங்களிலிருந்து வந்து ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். ஆண்களும் இருக்கிறார்கள்; அவர்களுக்கோ எந்தத் தாயும் சொல்லிக்கொடுத்ததில்லை. 2019ல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கில், சம்பளமில்லாத வீட்டுவேலை செய்கிற பெண்கள் நாளுக்குச் சராசரி 299 நிமிஷமும், ஆண்கள் 97 நிமிஷமும் அதில் செலவழிப்பதாகத் தெரிந்தது. ஆண்களில் நூற்றுக்கு 26 பேர்தான் வீட்டுவேலை செய்ததாகவே கணக்கில் வந்தார்கள். அந்த 299 நிமிஷத்தில் எத்தனை நிமிஷம் நம் சமையல் எழுத்தின் பெயரெச்சங்களுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது என்று யோசித்துப் பார்க்கலாம். "நறுக்கிய" என்று எழுதும்வரை யார் நறுக்குவது என்ற கேள்வி எழாது. "நறுக்கி" என்று எழுதினால், களி கிளறுகிற கை வெங்காயத்தையும் உரிக்கலாமே என்று வீட்டில் ஒருவருக்காவது தோன்றும்.

நான் படிக்க விரும்புகிற தமிழ்ச் சமையல் புத்தகம் இன்னும் எழுதப்படவில்லை. அதில் பொருட்களின் பட்டியல் முதலில் வராது. அடுப்பைப் பற்றவைப்பது முதலில் வரும். வெங்காயம் முழுசாக, தோலோடு வரும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே "அதற்குள்" என்ற சொல் இருக்கும். நம் சமையல் எழுத்தில் இல்லாத சொல் அது ஒன்றுதான். சமைக்கிறவர்கள் வாழ்வதெல்லாம் அந்தச் சொல்லுக்குள்ளேதான். பதார்த்தங்களுக்குப் பெயர் வைக்கவேண்டிய பொறுப்பையும் அந்த ஆசிரியர் ஏற்றுக்கொள்ளவேண்டும். "முள்ளங்கி அவரைக் கோழி" என்று சாதாரணமாக வைத்தாலே போதும். பெயர் அச்சில் ஏறிவிட்டால், செய்கிறவளுக்கு அது சமையல் என்று தெரிந்துவிடும்.

அதை எழுதப்போகிறவர் நாவலாசிரியராக இருக்கவேண்டிய அவசியமில்லை. தினமும் ஆறே முக்காலுக்கு வீடு திரும்புகிறவராக இருந்தால் நல்லது.